கந்தலில் வந்த கவுன்

கந்தலைக் கொண்டுவருகிறவர்கள் யாரும் அதைக் கந்தல் என்று சொல்லிக் கொடுப்பதில்லை. "கொஞ்சம் பழசு இருக்கு" என்பார்கள். "சும்மா கிடந்தது" என்பார்கள். முட்டி தேய்ந்த சுரங்கக் கால்சட்டை, குளிர்காலம் முழுக்க உடம்போடு ஒட்டிக்கிடந்த கம்பளி உள்ளாடை, பிள்ளை பெற்றபோது விரித்த போர்வை, எல்லாவற்றையும் பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றோடொன்று கோத்து, உருண்டையாகச் சுற்றி, மேலே மட்டும் நல்ல துணியாகப் பார்த்து இரண்டு சுற்று சுற்றி மறைத்துக் கொண்டுவருவார்கள். சில்வி ஹர்யு அதைத் தரைவிரிப்பாக நெய்யத் தறியில் விட்டதும் உள்ளே இருப்பது எல்லாம் வெளியே வந்துவிடும். கஸ்கி ரோட்டில் எந்த வீட்டு ஆம்பிளைக்கு வேலை போய்விட்டது, எந்தப் பெண் புருஷனை விட்டுத் தனியாகப் படுக்கிறாள், எந்த வீட்டில் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் போதகருக்கு முன்னால் சில்விக்குத் தெரியும். தெரிந்து என்ன? யாரிடம் சொல்லப்போகிறாள்? அவளுடைய வாய் மூன்று வருஷமாகச் சோறு தின்பதற்கும் மாட்டை அதட்டுவதற்கும் மட்டும்தான் திறந்துகொண்டிருந்தது.

தறி இருந்த அறை அவள் மகள் இர்யாவின் அறை. மகளை வீட்டை விட்டு அனுப்பிய அடுத்த வாரமே அவள் கணவர் உர்ஹோ கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுக் கொட்டகையிலிருந்த தறியைக் கொண்டுவந்து அங்கே பூட்டினார். "இடம் சும்மா கிடக்கக் கூடாது" என்றார். அந்த வீட்டில் எதுவும் சும்மா கிடக்காது. வளைந்த ஆணியை நிமிர்த்தி வைப்பார்கள். தீவன மூட்டையைப் பிரித்த நூலைக்கூடச் சுற்றி வைப்பார்கள். மகளை மட்டும்தான் தூக்கிப் போட்டார்கள்.

அந்தப் பிப்ரவரியில் ஏரிக் காற்று ஓயவே இல்லை. பகலா இரவா என்று தெரியாதபடி பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னலில் பாதிக்குமேல் பனி ஏறிவிட்டது. மீதிப் பாதியில் வந்த வெளிச்சத்தில் சில்வி பாவு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது பால் லாரி வந்து நின்றது. ரெய்னோ உள்ளே வந்து பூட்ஸை உதறிவிட்டு ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டான். நாற்பது வயது ஒண்டிக்கட்டை. கீழ் உதட்டுக்குள் எப்போதும் புகையிலை.

"வீட்டுக்காரம்மா, மன்றத்துலேர்ந்து உங்களுக்கு வெடிகுண்டு வந்திருக்கு!"

"என்னய்யா அது?"

"சைமா ரவுத்தியோ குடுத்துவிட்டா. கந்தல். கனத்தப் பாத்தா உள்ள புரட்சி இருக்கும்போலத் தெரியுது."

"மெதுவாப் பேசு. அவர் காதுல விழுந்தா மூட்டையத் திருப்பி அனுப்பிடுவாரு."

"அனுப்பட்டுமே. அந்தம்மா வீட்டுப் பாலும் உங்க வீட்டுப் பாலும் தெனம் என் வண்டியில தோளோட தோள் இடிச்சுக்கிட்டுத்தான் போகுது. இதுவரைக்கும் திரியல."

சில்வியின் உதடு கொஞ்சம் அசைந்தது. அந்த ரோட்டில் இருந்த ஃபின்லாந்துக்காரர்கள் எல்லோரும் அமெரிக்காவுக்கு ஒரே கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள்தான். ஆனால் பாதிப் பேர் சபை, பாதிப் பேர் மன்றம். சபையில் ஜெபம். தொழிலாளர் மன்றத்தில் நாடகம், சங்கக் கூட்டம், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுகிற சனிக்கிழமை ஆட்டம். சபைக்காரர்களுக்கு ஜன்னல் திரையே பாவம், ஆட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

"எவ்வளவு நீளம் வேணுமாம்?"

"அடுப்புலேர்ந்து கதவு வரைக்கும்னா." ரெய்னோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். "வேற ஏதாச்சும் கேக்கணுமா வீட்டுக்காரம்மா?"

"என்னத்தக் கேக்க?"

"இல்ல. சும்மாத்தான்."

போய்விட்டான். ஒவ்வொரு தடவையும் போகும்போது இதைத்தான் கேட்பான். அது அவனுடைய பழக்கம் என்று சில்வி நினைத்திருந்தாள்.

சைமாவின் கந்தல் சபை வீட்டுக் கந்தல் மாதிரி இல்லை. சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது. மாட்டுக் கொட்டகை வாசனையோடு சோப்பு வாசனையும் வந்தது. சில்வி பட்டையை ஊட்டி, மிதித்து, சட்டத்தை இழுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். மறுபடி ஊட்டினாள். கை வேலை செய்தது, மனசு எங்கும் போகவில்லை. அதற்காகத்தான் தறி. பாதி உருண்டை கரைந்த பிறகு சட்டம் எதிலோ இடறி நின்றது. பட்டையில் ஒரு முண்டு. யாரோ பொத்தான் துளையோடு சேர்த்துக் கிழித்திருக்கிறார்கள். சோம்பேறி என்று திட்டிக்கொண்டே முண்டை விரலால் நிமிண்டி எடுத்தாள்.

சின்னச் சின்ன நீலப்பூ. துளையைச் சுற்றிச் சிவப்பு நூல்.

கோழித்தீவனம் வருகிற பூப்போட்ட மூட்டைத் துணி அது. ஒரே பூப்போட்ட மூட்டை கிடைப்பதற்காக ஒரு வசந்தகாலம் முழுக்கக் காத்திருந்து, கோழிகளுக்குத் தேவைக்கு மேலேயே போட்டு, இர்யாவுக்குத் தைத்த கவுன். கடைசிப் பொத்தானில் நீல நூல் தீர்ந்துவிட்டது. சிவப்பில் முடித்தாள். "யாரும் பாக்க மாட்டாங்கடி, கடைசிப் பொத்தான்தானே" என்றபோது இர்யா, "நான் பாப்பேன்ல" என்றாள். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டுதான் மன்றத்து ஆட்டத்துக்குப் போனாள். அதைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் வாசலில் நின்றாள். உர்ஹோ கதவை அடைத்துக்கொண்டு நின்றார். பையை எடுத்துவைக்கச் சொன்னார். சில்வி எடுத்துவைத்தாள். கூடுதலாக ஒரு ஜோடி கம்பளிக் காலுறை வைத்தாள். அவள் காட்டிய எதிர்ப்பு மொத்தமே அவ்வளவுதான், ஒரு ஜோடிக் காலுறை.

அதன்பிறகு தகவல் இல்லை. டெட்ராய்ட்டில் கார் கம்பெனிக்குப் போயிருப்பாள் என்று சபையில் யாரோ சொன்னார்கள். சில்வி கேட்டுக்கொண்டாள்.

இப்போது உருண்டையை மடியில் போட்டுச் சுழற்றி அவிழ்த்தாள். நீலப்பூ வந்துகொண்டே இருந்தது. கை, முதுகு, பாவாடை. முழுக் கவுன். கிழிசல் இல்லை, சாயம் போகவில்லை. நல்ல துணியை யாரும் கிழிப்பதில்லை. தேய்ந்தால் ஒட்டுப்போடுவார்கள், சின்னதாகப் போனால் தங்கைக்குக் கொடுப்பார்கள், மாற்றித் தைப்பார்கள். ஒரு முழு நல்ல கவுன் கந்தலுக்கு வருகிறதென்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். சில்வி அப்படி எத்தனை பேருடைய துணியை நெய்திருக்கிறாள். கணவன் செத்த பெண்கள் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கொண்டுவந்து, எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். இவளும் எதுவும் கேட்காமல் நெய்து கொடுப்பாள். செத்தவர்களின் துணியைப் போட்டிருக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. காலுக்குக் கீழே விரித்துக்கொள்ளலாம்.

அவள் அழவில்லை. சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாடு கத்தியபோது எழுந்து போய்க் கறந்தாள்.

உப்பு மீனும் உருளைக்கிழங்கும் வேகவைத்து மேசையில் வைத்தாள். உர்ஹோ ஜெபம் சொல்லிவிட்டு முள்ளை ஒதுக்கி ஒதுக்கித் தின்றார். சுரங்கம் அவர் நெஞ்சில் பாதியை எடுத்துக்கொண்டுதான் மூடியது. மூச்சு விடுகிற சத்தம் அறைக்கு அறை கேட்கும். இர்யா இருந்தவரை இவர்கள் ஒருவரையொருவர் 'அப்பா', 'அம்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் போன பிறகு அந்த வார்த்தைகள் வாயில் நிற்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்ட காலமோ எப்போதோ போய்விட்டது. அதனால் இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டுவார். இவள் தள்ளிவிடுவாள்.

"இர்யா செத்துட்டா" என்றாள் சில்வி.

முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"யார் சொன்னா?"

பட்டையை மேசைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்து விளக்குப் பக்கம் கொண்டுபோனார். சிவப்பு நூலைப் பெருவிரலால் தடவினார்.

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"சைமா ரவுத்தியோ வீட்டுக் கந்தல்ல. முழுக் கவுனும் இருக்கு."

அவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய அம்மாவின் துணியெல்லாம் இதே தறியில்தான் ஏறியது. பட்டையை இரண்டு கையாலும் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். முதலில் இருமல் என்றுதான் சில்வி நினைத்தாள்.

"அம்மா" என்றார். "அம்மா, நம்ம பொண்ணு."

சில்வி எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அவள மன்னிச்சுட்டேன். ஆண்டவர் சாட்சியாச் சொல்றேன், மன்னிச்சுட்டேன். என்ன பண்ணிட்டா? ஆடினா. சின்னப் பொண்ணு, அந்த வயசுல காலு சும்மா இருக்குமா? வைக்கோல் வண்டி மேல நின்னு ஆடுவாளே, குட்டிப் பொண்ணா இருக்கறப்ப. நான்தானே கீழ நின்னு கை தட்டுவேன்?"

"ஆமா. நீங்கதான்."

"விழுந்துடாதடின்னு கையை விரிச்சுக்கிட்டு நிப்பேன்."

"ஆமா."

"எங்க புதைச்சிருக்காங்கன்னு கேட்டுட்டு வா. அந்த நாத்திகனுங்க கொல்லையில அவ கிடக்க வேணாம். நம்ம கல்லறைக்குக் கொண்டாந்துடுவோம். போதகர்கிட்ட நான் பேசறேன். ஒத்துக்கலைன்னா அவர் வாசல்லயே உக்காந்துடுவேன்."

சில்வி யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று உண்டு. மகளைச் சாகக் கொடுத்த அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக இருந்தது. மீன் ஆறிப்போனது. அடுப்பு எரிந்தது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார், பேசினார், அவள் பேச்சுக்குப் பதில் சொன்னார். மூன்று வருஷத்தில் அவள் தனியாக இல்லாத முதல் சாயங்காலம் அதுதான்.

காலையில் ரெய்னோ பால் கேனை ஏற்றும்போது அவளும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். சக்கரச் சங்கிலி பனியைக் கடித்துக்கொண்டு போனது.

"சைமா வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களாய்யா?"

"தவறினாங்களா? போன மாசம் ஒரு கன்னுக்குட்டி போச்சு." திரும்பிப் பார்த்தான். "ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"கேளுங்க வீட்டுக்காரம்மா. இன்னிக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு பாத்துப் பாத்து எனக்கே முடி நரைச்சுப் போச்சு."

அவள் ரோட்டைப் பார்த்தாள். ரெய்னோ பெருமூச்சு விட்டுக் கியரை மாற்றினான்.

சைமா பெரிய உடம்புக்காரி. மன்றத்து நாடகங்களில் முதலாளி வேஷம் கட்டுகிறவள், ஆம்பிளைகளைவிட நன்றாகக் கத்துவாள். கணவன் போன பிறகு பதினைந்து மாட்டை வைத்துக்கொண்டு தனியாகப் பண்ணை நடத்தினாள். அடுப்படி மேசையில் சங்கப் பத்திரிகை விரித்திருந்தது. அதன்மேல் காபிக் கெட்டில்.

"என்ன சில்வி, அதுக்குள்ள நெய்ஞ்சு முடிச்சுட்டியா? உக்காரு. நாற்காலி நாத்திக நாற்காலிதான், ஆனா கடிக்காது."

சில்வி உட்காரவில்லை. பட்டையைப் பத்திரிகைமேல் வைத்தாள்.

"இதப் போட்டிருந்தவ எங்க?"

சைமா பட்டையைப் பார்த்தாள். பிறகு சில்வியைப் பார்த்தாள்.

"கேட்டுட்டியே! ஒருவழியா வாயைத் திறந்து கேட்டுட்டியே!"

"எங்க புதைச்சீங்க? அத மட்டும் சொல்லு. அவர் கல்லறைக்குக் கொண்டாரணும்ங்கறாரு."

"புதைச்சோமா? என்னடி உளர்ற?" சைமாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். "அடி ஆத்தா! அவ மாட்டுக் கொட்டாயில இருக்காடி. கறந்துக்கிட்டு இருக்கா. என் வீட்டு வெண்ணெயத் தின்னு இடுப்பு பெருத்துப் போச்சு, கவுன் தோளுக்குக் கீழ இறங்கல. ரெண்டு சீசன் இழுத்துப் பாத்தா, அப்புறம் கிழிச்சுட்டா."

சில்வி இப்போது உட்கார்ந்தாள்.

"நீயெல்லாம் ஒரு நெசவுக்காரி!" சைமா பட்டையை இழுத்து அவள் மூக்குக்கு முன்னால் ஆட்டினாள். "துணியப் பாத்த, கோத்திருக்கறதப் பாத்தியா? நான் கோத்தா ஊசி போட்டுத் தைப்பேன். இந்த ரோட்டுல எல்லாரும் அப்படித்தான். இது நுனியில கீறி ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைச்சு இழுத்திருக்கு. உன் வேலை. உன் வயித்துல பொறந்தவளத் தவிர வேற யாருக்குடி இது வரும்? செத்தவ வந்தா கோத்துக் குடுத்தா?"

உண்மைதான். அந்த முடிச்சு அவளுக்கு அவள் கைரேகை மாதிரி. உருண்டை முழுக்க அது இருந்தது. அவள் பயத்தில் பூவை மட்டும் பார்த்தாள்.

"எங்கம்மாதான் நெய்யணும், அவ நெய்ஞ்சா ஓரம் வளையாதுன்னு சொல்லி அவதான் மூட்டை கட்டினா. போ. போய்ப் பாரு. காபி எங்கயும் போயிடாது."

கொட்டகைக்குள் மாட்டுச் சூடு. வரிசையின் கடைசியில் ஒரு பெண் ஆம்பிளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு, மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"கதவச் சாத்து சைமா, காத்து வருது."

சில்வி சாத்தினாள். அந்தப் பெண் திரும்பினாள். முகம் உருண்டையாகிவிட்டது. முன்பல் ஒன்று இல்லை. கை மட்டும் நிற்காமல் கறந்துகொண்டிருந்தது.

"ரெய்னோ சொல்லிட்டானா?"

"அவன் சொல்லல."

"அப்ப நீ கேட்டியா?"

"இன்னிக்கு. சைமாகிட்ட."

"இன்னிக்கு." இர்யா வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொத வருஷம் அவன் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், ஓடிப்போய் முன்சீட்டப் பாப்பேன். நீ கேட்டாத்தான் சொல்லணும்னு அவன்கிட்ட நான்தான் சத்தியம் வாங்கினேன். ஒரு நாள்ல கேட்டுடுவே, ஒரு வாரத்துல கேட்டுடுவேன்னு நெனச்சேன். அவன் தெனம் உன் வீட்டுலேர்ந்து நேரா இங்க வரான்மா. நீ வச்ச பால் கேனோட சூடு ஆறியிருக்காது. நான் தொட்டுப் பாப்பேன்."

"அவர் உன் பேரையே எடுக்கக் கூடாதுன்னாரு."

"அவர் சொன்னாரு. நீ என்ன சொன்னே?"

சில்வி மகளின் வாயையே பார்த்தாள். தீவனத்தை மாடு அசைபோடுகிற சத்தம்தான் கேட்டது.

"பல்லு என்னாச்சு?"

"இவ உதைச்சா." இர்யா மாட்டைத் தட்டினாள். "இப்ப சமாதானமாயிட்டோம்."

"இர்யா, நீ செத்துட்டேன்னு நெனச்சோம். கவுன் கந்தல்ல வந்துச்சு, அதான்..."

"கவுன் பத்தலைன்னா சாவா?" இர்யா சிரித்தாள். பல் இல்லாத இடத்தில் காற்று விசிலடித்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "நெஜமாவா?"

"உங்கப்பா அழுதாரு. கவுன மூஞ்சியில வச்சுக்கிட்டு. காலு சும்மா இருக்குமான்னு கேட்டாரு. உன்ன மன்னிச்சுட்டேன்னு ஆண்டவர் சாட்சியாச் சொன்னாரு."

அப்போதுதான் இர்யாவின் கை காம்பிலிருந்து நழுவியது.

"அவரா?"

"அவர்தான். வைக்கோல் வண்டியப் பத்திச் சொன்னாரு."

இர்யா முகத்தை மாட்டின் விலாவில் திருப்பிக்கொண்டாள். மாடு பொறுமையாக நின்றது.

"ஞாயித்துக்கிழமை வரேன். முன்னாடியே சொல்லி வச்சுடு. அந்த வாசல்ல இன்னொரு தடவ என்னால நிக்க முடியாது."

ரெய்னோ ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது அவளைக் கொண்டுவந்து இறக்கினான். சில்வி வீட்டுக்குள் போகவில்லை. விறகுக் கொட்டகையில் உளிச் சத்தம் கேட்டு நேரே அங்கே ஓடினாள். பனியில் இழுக்கிற ஸ்லெட்ஜ் வண்டி செய்வதற்கென்று பத்து வருஷமாகப் பாதுகாத்த மேப்பிள் பலகையை உர்ஹோ எடுத்து இழைத்திருந்தார். அதில் மகளின் பேரைச் செதுக்கிக்கொண்டிருந்தார். முதலிரண்டு எழுத்து முடிந்திருந்தது. அழகாக வந்திருந்தது.

"கண்டுபிடிச்சியா அம்மா?"

"உயிரோட இருக்கா!" அவளுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. "சாகல. கவுன் பத்தலையாம், கிழிச்சுட்டா. நான்தான் முட்டாள். நல்லா இருக்கா. குண்டாயிட்டா."

அவர் முகத்தில் ஒன்று திறந்தது. அதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சில்வி எந்தப் புத்தகத்தின்மேலும் சத்தியம் செய்வாள். பிறகு அது மெல்ல மூடியது.

"எங்க இருக்கா?"

"சைமா வீட்டுல. மாடு பாத்துக்கறா."

"இத்தனை நாளாவா?"

"ஆமா."

"அந்த வீட்டுல."

உளியைத் துடைத்து அதன் உறையில் போட்டார். பலகையிலிருந்த தூளை ஊதினார்.

"ஞாயித்துக்கிழமை வரேன்னா" என்றாள் சில்வி.

"சபைக்கு வரட்டும். எல்லார் முன்னாடியும் மண்டிபோட்டு மன்னிப்புக் கேக்கட்டும். அந்த வீட்டுச் சோத்த விட்டுட்டு வரட்டும். அப்புறம் பாக்கலாம்."

"நேத்து மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்களே."

"நேத்து செத்தவள மன்னிச்சேன்."

"அவதானேங்க இவ?"

"செத்தவ இனிமே ஆட மாட்டா" என்றார் உர்ஹோ. கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். அவர் கெட்டவர் இல்லை, யாரையும் அடித்ததில்லை, குடித்ததில்லை. மகள் செத்துக் கிடந்தால் போதகர் வாசலில் உட்கார்ந்து போராடத் தயாராக இருந்த மனுஷன்தான். எதிர்த்துப் பேசாத, எங்கும் போகாத, இடுப்புப் பெருக்காத மகள் ஒருத்தி ஒரே ஒரு சாயங்காலம் அவருக்குக் கிடைத்திருந்தாள். அவளை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உயிரோடு இருப்பவள் வந்து அவளைக் கெடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து 'அம்மா' என்று கூப்பிடுவது நின்றது. சனிக்கிழமை அந்தப் பலகையைத் திரும்ப எடுத்தார். இரண்டு எழுத்தையும் இழைப்புளியால் இழைத்துச் சமமாக்கிவிட்டுப் பால் அறைக்கு அலமாரித் தட்டாக அடித்தார். நல்ல பலகை, வீணாக்கக் கூடாதல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலை அவரைச் சபைக்கு ஏற்றிப்போகப் பக்கத்துப் பண்ணைக்காரரின் கார் வந்தது. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்று இவளைப் பார்த்தார். இவள் கொட்டகை பூட்ஸை மாட்டிக்கொண்டு, கம்பளியைத் தலையில் சுற்றி, அவரைத் தாண்டி வெளியே போய் ரோட்டில் எதிர்ப்பக்கம் நடந்தாள்.

பனி அன்று நின்றிருந்தது. அதனால் குளிர் இன்னும் கூர்மையாக இருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் பனி வாரும் வண்டி தள்ளிய பனி ஆள் உயரம். நடுவில் அவள் மட்டும். பூட்ஸுக்கடியில் பனி நொறுங்குகிற சத்தத்தைத் தவிர உலகத்தில் ஒன்றுமில்லை. பாதி வழியில், பாலத்துக்கு அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு சிவப்புக் கோட்டு தெரிந்தது. கையில் துணி சுற்றிய ஏதோ இருந்தது. இவளைப் பார்த்ததும் கையை ஆட்டியது. பிறகு ஆட்டுவதை நிறுத்தி, மெதுவாக நடந்து வந்தது.

"அப்பா என்ன சொன்னாரு?"

சில்விக்கு மூன்று பொய் தயாராக வாயில் நின்றது. அவருக்கு உடம்பு சரியில்லை. சபைக்குப் போயிருக்காரு. அடுத்த வாரம் பாக்கலாம்னாரு. வாழ்நாள் பூரா இப்படிச் சொல்லித்தான் அந்த வீட்டை அவள் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நீ செத்திருந்தா உள்ள வரலாம்" என்றாள்.

இர்யா வாய் திறந்து அம்மாவைப் பார்த்தாள். மூச்சு வெள்ளையாக வந்து கலைந்தது.

"சரி" என்றாள் கடைசியில். "அப்ப நீ எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தே?"

"நீ வாசல்ல நிக்கக் கூடாதுன்னு."

இர்யா மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்தாள். துணியைப் பிரித்தாள். ஏலக்காய் போட்டுப் பின்னிய இனிப்பு ரொட்டி, மூன்று பேருக்குச் சுட்டது. ரோட்டு நடுவில் நின்றுகொண்டே பிய்த்துத் தின்றார்கள். ரெய்னோவுக்கும் சைமாவுக்கும் ஏதோ ஓடுகிறது என்று இர்யா சொன்னாள். புகையிலையைத் துப்பினால்தான் உள்ளே வரலாம் என்று சைமா சொல்லிவிட்டாளாம், அவன் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறானாம். சில்வி சிரித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே புதுசாக இருந்தது.

"என்கூட வந்துடுறியா?"

"மாடு ரெண்டு இருக்கே."

"அவருக்குக் கை இல்லையா?"

"நெஞ்சு இல்லடி. கொட்டாய்க்குப் போய்த் திரும்பறதுக்குள்ள சுருண்டுடுவாரு."

இர்யா மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றி அம்மாவின் கையில் வைத்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் பாலத்தத் தாண்டியும் வருவேன்" என்றாள் சில்வி.

வீட்டுக்கு வந்து மாடு கறந்தாள். மேசையில் கூழும் புளித்த பாலும் வைத்தாள். நடுவில் ரொட்டியை வைத்தாள். உர்ஹோ ஜெபம் சொல்லி முடித்து, கையை ரொட்டிக்கு நீட்டினார்.

"இர்யா சுட்டது."

கை நின்றது.

"இந்த வீட்டுல அந்தப் பேரு..."

"இர்யா சுட்டது. வெண்ணெய் கொஞ்சம் கூடுதல். சைமா வீட்டுல வெண்ணெய்க்குக் கணக்கு இல்ல. இர்யாவுக்கு முன்பல் ஒண்ணு போயிடுச்சு, மாடு உதைச்சு. சிரிச்சா விசில் வருது. சிவப்புக் கோட்டு ஒண்ணு வாங்கியிருக்கா. பதினஞ்சு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடறா. கறக்கறப்ப உங்கம்மா மாதிரியே நெத்திய முட்டுக்குடுத்துக்கறா..."

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவை அடித்துச் சாத்தினார். சில்வி நிறுத்தவில்லை, குரலை உயர்த்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது. பிப்ரவரியில் கஸ்கி ரோட்டில் கோபித்துக்கொண்டு போய் நிற்க இடம் கிடையாது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பார்?

கதவு திறந்தது. உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் நாற்காலியை நிமிர்த்தி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

சில்வி ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"இர்யா சுட்டது" என்றாள்.